உடையும் வரை சோதித்த ஹென்றி ராய்ஸ்

குட்டீஸ், அணைக்கட்டில் இருந்து வேலூருக்கு டவுன் பஸ்சில் போயிருக்கிறீர்களா? பஸ் புறப்படுவதற்கு முன், டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தால் கை கூசும். பஸ் இன்னும் ஓர் அடி கூட நகரவில்லை. ஆனாலும் உடம்பெல்லாம் அதிர்கிறது!

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் கார்கள் இதைவிட மோசமாக அதிர்ந்தன. அந்த அதிர்வு, காரில் இருப்பவர்களின் எலும்பை மட்டுமா ஆட்டியது? இன்ஜினுக்குள் இருக்கும் தடித்த இரும்புத் தண்டையே இரண்டாக முறித்துப் போட்டது. நடுவழியில் கார் நின்றுவிடும். அதை மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ கட்டி இழுத்து வர வேண்டும்.

அந்த அதிர்வோடு வாழ்நாள் முழுவதும் போராடி ஜெயித்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹென்றி ராய்ஸ். ஆமாம், 'ரோல்ஸ் ராய்ஸ்' காரின் பெயரில் பாதி இவருடையதுதான்! மகாராஜாக்கள் வாங்கிய காரைச் செய்தவர் பெரிய பணக்காரராக இருந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கதையைக் கேளுங்கள்.

பேப்பர் விற்ற சிறுவன்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்கு அருகே ஆல்வால்டன் என்று ஒரு கிராமம். அங்கே 1863ம் ஆண்டு மார்ச் 27ம் தேதி ஹென்றி பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு அரைக்கும் ஆலை நடத்தி வந்தார். தொழில் நொடித்துப் போனது. பிழைப்பைத் தேடி லண்டனுக்குப் போனார்கள். அங்கேயும் வறுமை விடவில்லை. ஹென்றிக்கு 9 வயதானபோது, ஏழைகளுக்கான விடுதி ஒன்றில் அப்பா இறந்து போனார்.

நீங்கள் மூன்றாம் வகுப்போ, நான்காம் வகுப்போ படிக்கும் அந்த வயதில், ஹென்றி தெருவில் செய்தித்தாள் விற்றார். பிறகு தபால் அலுவலகத்தில் சேர்ந்து வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்தது மிகக் கொஞ்ச காலம்தான். பல நாட்கள் வயிறு நிறையச் சாப்பாடும் கிடையாது.

ஹென்றிக்குச் சுமார் 15 வயது ஆனபோது அத்தை ஒருவர் கைகொடுத்தார். பீட்டர்பரோவில் இருந்த ரயில்வே பட்டறையில் தொழில் பழக ஆண்டுக்கு 20 பவுண்டு கட்ட வேண்டும். அந்தப் பணத்தை அத்தை கட்டினார். அங்கே ஹென்றி தங்கியிருந்த வீட்டுக்காரருக்கும் பட்டறை வேலை தெரியும். தோட்டத்துக் கொட்டகையில் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். பகலில் ரயில்வே பட்டறை. மாலையில் அந்தக் கொட்டகை. இரும்பை அராவுவது, ஒன்றோடு ஒன்று பொருத்துவது எல்லாம் ஹென்றியின் கைக்குப் பழகின.

மூன்று ஆண்டுகள் ஓடின. அத்தையிடம் பணம் தீர்ந்துவிட்டது! பயிற்சி பாதியில் நின்றது. ஹென்றி லீட்ஸ் நகரத்தில் ஒரு கருவிப் பட்டறையில் வாரம் 11 ஷில்லிங் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மின் விளக்கு போடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அப்போது மின்சாரம் புத்தம் புதிய விஷயம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இரவில் தானே புத்தகம் வைத்துப் படித்தார். 20 வயதுக்குள்ளாகவே லிவர்பூல் தெருக்களில் விளக்குப் போடும் வேலைக்குத் தலைமை எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டார்.

அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. ஹென்றி சோர்ந்து போகவில்லை. 1884ம் ஆண்டு, தான் சேமித்து வைத்த 20 பவுண்டையும் நண்பர் எர்னஸ்ட் கிளாரமண்ட் போட்ட 50 பவுண்டையும் சேர்த்து, மான்செஸ்டர் நகரத்தின் குக் தெருவில் சொந்தப் பட்டறை தொடங்கினார். வாசல் மணி, விளக்கு மாட்டும் ஹோல்டர், பிறகு டைனமோ, பெரிய மின்சார கிரேன் என்று பட்டறை வளர்ந்தது. பட்டறைக்கு மேலே இருந்த அறைதான் இருவருக்கும் வீடு.

வேலையில் இறங்கிவிட்டால் ராய்சுக்குச் சாப்பாட்டு நினைவே வராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பழைய கார் ஒன்று வந்தது

ராய்சுக்கு 40 வயது நெருங்கியபோது, பிரான்சு நாட்டில் செய்த டெகாவில் என்னும் பழைய கார் ஒன்றை வாங்கினார். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது நல்ல கார்தான். ஆனால், ராய்சின் காதுக்கு அதன் சத்தம் பிடிக்கவில்லை.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? விற்றுவிட்டு வேறு கார் வாங்குவோம். ராய்ஸ் அதைக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். இது ஏன் சத்தம் போடுகிறது? இது ஏன் சீக்கிரம் தேய்கிறது? பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி ஏன் சில நேரம் வராமல் போகிறது? கேள்வி கேட்டுக் கேட்டு, விடை தெரிந்ததும் தானே ஒரு கார் செய்வது என்று முடிவெடுத்தார்.

1903ம் ஆண்டு இன்ஜின் தயாரானது. அதைக் காரில் மாட்டுவதற்கு முன்பே, பட்டறை மேடையில் வைத்து ஓட்டிப் பார்த்தார். 1904ம் ஆண்டு ஏப்ரல் 1ம் தேதி முதல் ராய்ஸ் கார் தெருவுக்கு வந்தது. புதிதாக அதில் எதையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. கார்ப்பரேட்டர், மின்பொறிக் கருவி, சைலன்சர் என்று எல்லாமே மற்றவர்களிடமும் இருந்தவைதான். ராய்ஸ் செய்த ஒவ்வொன்றும் மற்றதைவிடக் கச்சிதமாக இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்!

அந்தக் காரைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருவர் மான்செஸ்டருக்கு வந்தார். அவர்தான் சார்லஸ் ரோல்ஸ். பிரபு குடும்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனில் கார் விற்பவர். 1904ம் ஆண்டு மே 4ம் தேதி மிட்லண்ட் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். பேப்பர் விற்றவரும் பிரபு வீட்டுப் பிள்ளையும் கை குலுக்கினார்கள். ராய்ஸ் செய்யும் கார்களை எல்லாம் ரோல்ஸ் விற்பது என்று பேச்சு முடிந்தது. 1906ம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி பிறந்தது.

தண்டு ஏன் முறிந்தது?

இப்போது கொஞ்சம் இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்போமா?

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படும். சைக்கிள் பெடலை உங்கள் கால் தள்ளுவது போல, பிஸ்டன் ஒரு வளைந்த தண்டைத் தள்ளிச் சுழற்றும். அதற்குக் கிராங்க் ஷாப்ட் என்று பெயர். அதன் சுழற்சிதான் சக்கரத்துக்குப் போகிறது.

பணக்காரர்களுக்குச் சத்தம் இல்லாமல், வழுக்கிக்கொண்டு போகும் கார் வேண்டும். அதற்கு இரண்டு சிலிண்டர் போதாது. ஆறு சிலிண்டர் வேண்டும். வெடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் ஓட்டம் சீராக இருக்கும். ஆனால், ஆறு சிலிண்டருக்குக் கிராங்க் ஷாப்ட் நீளமாகிவிடும். அங்கேதான் வில்லன் ஒளிந்திருந்தான்!

ஈரத் துணியைப் பிழிவது போல, ஒவ்வொரு வெடிப்பும் அந்த நீளத் தண்டைத் துளியளவு முறுக்குகிறது. உடனே அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. மறுபடி முறுக்கு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் அது உயர உயரப் போகும் அல்லவா? அதே போல, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வெடிப்பின் தாளமும் தண்டின் தாளமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முறுக்கு பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் படார்!

அந்தக் காலத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜின் செய்த பலரையும் இந்த வில்லன் தோற்கடித்தான். ராய்ஸ் செய்த 30 குதிரைத்திறன் இன்ஜினிலும் கிராங்க் ஷாப்ட் முறிந்தது. கம்பெனி அப்போதுதான் பிறந்திருக்கிறது. நல்ல கார் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களின் கார் வழியில் நின்றால், பெயர் என்ன ஆகும்?

ராய்ஸ் தவறை மூடி மறைக்கவில்லை. மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார். இரண்டு இரண்டாக மூன்று தொகுதிகளாய் இருந்த சிலிண்டர்களை, மும்மூன்றாக இரண்டு தொகுதிகளாக அமைத்தார். கிராங்க் ஷாப்டைத் தடிமனாக்கினார். அதன் ஒரு பாதி, மறு பாதியின் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும்படி செய்தார். அதைத் தாங்கிப் பிடிக்க ஏழு பேரிங்குகள். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழாமல், பம்ப் மூலம் அழுத்தத்துடன் பேரிங்குகளுக்குப் போனது. தண்டின் முன்பக்கம், முறுக்கு அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும் ஓர் அமைப்பையும் கொண்டு வந்தார்.

இப்படிப் பிறந்ததுதான் 7 லிட்டர் கொள்ளளவு கொண்ட 40/50 குதிரைத்திறன் இன்ஜின். 1906ம் ஆண்டு நவம்பரில் லண்டன் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது.

நிற்காமல் ஓடிய வெள்ளிப் பேய்

நன்றாக ஓடும் என்று சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? அந்த வகைக் கார் ஒன்றுக்கு வெள்ளி நிறம் பூசினார்கள். பேய் போலச் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும் என்பதால் 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர். அதாவது, வெள்ளிப் பேய்!

1907ம் ஆண்டு, பிரிட்டனின் மோட்டார் சங்கத்து ஆட்கள் கண்காணிக்க, இந்தக் காரை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாறி மாறி ஓட்டினார்கள். 629வது மைலில் கார் ஒருமுறை நின்றது. ஐயோ, இன்ஜின் போச்சா? இல்லை. பெட்ரோல் வரும் குழாயின் திருகு, குலுக்கலில் தானாக மூடிக்கொண்டது. ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு 14,371 மைல் ஓடும் வரை கோளாறால் ஒரு தடவை கூட நிற்கவில்லை!

14,371 மைல் என்றால் சுமார் 23,000 கிலோமீட்டர். வேலூரில் இருந்து சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 160 தடவைக்கு மேல் ஓடியது போல! அதுவும் அந்தக் காலத்துச் சாலையில்.

ஓட்டம் முடிந்ததும் காரைப் பாகம் பாகமாகக் கழற்றி, தேய்மானத்தை அளந்து பார்த்தார்கள். மறுபடி புதுக் கார் போல ஆக்க என்ன செலவானது தெரியுமா? 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ்! உடல் கட்டாத வெறும் சேசிசின் விலையே அப்போது 985 பவுண்டு. இந்தக் கணக்கு வெளியானதும் உலகம் ரோல்ஸ் ராய்சைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டே, 1908ல், சோதனை நம் நாட்டுக்கு வந்தது. 'கீழ்த்திசை முத்து' என்ற பொருளில் பெயர் சூட்டப்பட்ட ஒரு சில்வர் கோஸ்ட், பம்பாய் - கோலாப்பூர் சோதனை ஓட்டத்தில் கலந்துகொண்டது. சுமார் 620 மைல் தூரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறு கணவாய்கள். வெயில், புழுதி, ஏற்றம் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கார் ஜெயித்தது. பிறகு குவாலியர் மகாராஜா அதை வாங்கிக்கொண்டார். நம் நாட்டு அரண்மனைகளில் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மலையில் கிடைத்த பாடம்

எப்போதும் வெற்றிதானா? இல்லை குட்டீஸ். 1912ம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டு ஆல்ப்ஸ் மலையில் நடந்த போட்டியில், ஒரு வாடிக்கையாளரின் ரோல்ஸ் ராய்ஸ் கார் செங்குத்தான ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. உள்ளே இருந்த சிலரை இறக்கிவிட்ட பிறகே ஏற முடிந்தது. எல்லோரும் பார்க்க நடந்த அவமானம்!

கம்பெனி அந்த மலையையே சோதனைக்கூடம் ஆக்கிக்கொண்டது. மூன்று வேகக் கியர் நான்கு வேகக் கியர் ஆனது. இன்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரைப் பெரிதாக்கினார்கள். எர்னஸ்ட் ஹைவ்ஸ் என்ற பொறியாளர் காரை மலைகளில் ஓட்டி ஓட்டிக் குறை கண்டுபிடித்தார். 1913ம் ஆண்டு அதே ஆல்ப்ஸ் போட்டிக்குத் திரும்பி வந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்கள், மற்ற எல்லோரையும் அசத்திவிட்டன.

டெர்பி நகரத் தொழிற்சாலையில் குலுக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. காரை அதன் மேல் நிறுத்தினால், சுழலும் உருளைகளில் இருக்கும் மேடுகள் சக்கரங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். பல ஆண்டுகள் மோசமான சாலையில் ஓடினால் படும் அடியைச் சில நாட்களிலேயே கார் வாங்கிவிடும். எது முதலில் உடைகிறதோ அதை எடுத்துப் பலப்படுத்துவார்கள். மறுபடி குலுக்கல், மறுபடி உடைப்பு, மறுபடி திருத்தம்.

உங்கள் அம்மாவோ, அக்காவோ, பக்கத்து வீட்டு அத்தையோ ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். ஷூவை இயந்திரத்தில் மாட்டி, ஆயிரக்கணக்கான தடவை வளைத்து வளைத்து, எப்போது வெடிப்பு விடுகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. கடைக்குப் போன பிறகு பிய்வதைவிட, கூடத்திலேயே பிய்வது நல்லது அல்லவா? ராய்ஸ் செய்ததும் அதேதான்.

தன்னைச் சோதிக்க மறந்தவர்

இப்போது, முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். பேரிங்குக்கு எண்ணெய் போகாவிட்டால் இன்ஜின் கெட்டுவிடும் என்று தெரிந்த ராய்ஸ், தன் வயிற்றுக்குச் சோறு போடாமல் பல ஆண்டுகள் உழைத்தார். 1910ம் ஆண்டு ஜூலையில் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ராய்ஸ் கடுமையான நோயில் விழுந்தார். பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. சில மாதங்களே உயிரோடு இருப்பார் என்று டாக்டர்கள் நினைத்தார்கள்.

ராய்ஸ் பிழைத்தார். ஆனால், டெர்பி தொழிற்சாலைக்குத் தினமும் போகும் வாழ்க்கை முடிந்து போனது. எதெல் ஆபின் என்ற நர்ஸ் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். கோடையில் இங்கிலாந்துக் கடற்கரை, குளிர்காலத்தில் தெற்குப் பிரான்சு என்று அமைதியான வாழ்க்கை. வரைபடம் போடும் சில பொறியாளர்கள் அவர் பக்கத்திலேயே தங்கினார்கள். யோசனை இங்கே பிறக்கும். படம் தபாலில் டெர்பிக்குப் போகும். அங்கே செய்து, ஓட்டி, உடைத்துப் பார்த்து முடிவை எழுதி அனுப்புவார்கள். இப்படியே 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்தது!

வானத்திலும் ஓடிய இன்ஜின்

1914ம் ஆண்டு முதல் உலகப்போர் வந்தது. விமானத்துக்கு இன்ஜின் கேட்டது அரசாங்கம். ராய்ஸ் 12 சிலிண்டர் 'ஈகிள்' இன்ஜினை உருவாக்கினார். கார் நின்றால் ஓரம் கட்டலாம். வானத்தில் இன்ஜின் நின்றால்? அதனால் சோதனை இன்னும் கடுமையானது. மேடையில் முழு வேகத்தில், ஏதாவது உடையும் வரை ஓட்டுவார்கள். உடைந்த பாகத்தை மட்டும் மாற்றி வடிவமைப்பார்கள். 225 குதிரைத்திறனில் தொடங்கிய ஈகிள், போர் முடியும்போது 360ஐத் தொட்டது. 1919ம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் அட்லாண்டிக் கடலை எங்கும் இறங்காமல் முதல்முறையாக விமானத்தில் கடந்தார்கள். அந்த விமானத்தைச் சுமந்தவை இரண்டு ஈகிள் இன்ஜின்கள்.

1931ம் ஆண்டு விமானப் போட்டிக்காக 'ஆர்' என்ற இன்ஜினை மேம்படுத்தினார்கள். முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்பது இலக்கு. அதற்குள் எத்தனையோ தடவை பாகங்கள் உடைந்தன. விடாமல் திருத்தினார்கள். போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஆகஸ்ட் மாதம் அந்த ஒரு மணி நேரம் முழுமையானது! செப்டம்பரில் அந்த இன்ஜின் பொருத்திய விமானம் மணிக்கு 407.5 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தது.

1930ம் ஆண்டு பிரிட்டன் அரசு ராய்சுக்கு 'சர்' பட்டத்தோடு பேரனெட் என்ற பரம்பரைச் சிறப்பையும் கொடுத்தது. ஆனாலும், அவர் தன்னை ஒரு மெக்கானிக் என்றே சொல்லிக்கொள்வார்.

1933ம் ஆண்டு ஏப்ரல் 22ம் தேதி, தன் 70வது வயதில், வெஸ்ட் விட்டரிங் என்ற கடற்கரைக் கிராமத்தில் ராய்ஸ் காலமானார். அவர் காலத்தில் தொடங்கிய புதிய இன்ஜின் ஒன்று, அவர் மறைந்து ஆறு மாதம் கழித்து முதல்முறையாக ஓடியது. அதுதான் இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்பயர் விமானங்களைப் பறக்க வைத்த 'மெர்லின்'. அதன் சத்தத்தைக் கேட்க அவர் இல்லை. ஆனால், உடைந்ததைப் பார்த்து வெட்கப்படாமல், ஏன் உடைந்தது என்று கேட்கும் பழக்கத்தை அவர் தன் ஆட்களிடம் விட்டுப் போயிருந்தார்.

குட்டீஸ், கணக்குத் தேர்வில் ஒரு கணக்கு தப்பாகிவிட்டால், பேப்பரை மடித்து ஒளித்து வைக்காதீர்கள். எந்த வரியில் தப்பு நடந்தது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அந்த வரியைத் திருத்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். ஆனால், ராய்ஸ் மாதிரி சாப்பிட மட்டும் மறந்துவிடாதீர்கள். அம்மா கூப்பிட்டதும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, அப்புறம் தேடுங்கள். சரிதானே?

தெரிஞ்சுக்கோங்க!

* சில்வர் கோஸ்ட் வகைக் கார்கள் சுமார் 20 ஆண்டுகள் தயாரிக்கப்பட்டன. மொத்தம் 7,800க்கும் மேல்.

* அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இன்ஜினும் சேசிசும் மட்டுமே செய்து கொடுக்கும். மேலே உடல் கட்டி, தோல் இருக்கை தைப்பதெல்லாம் வேறு கம்பெனிகளின் வேலை.

* இன்று ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்யும் கம்பெனி வேறு, விமான இன்ஜின் செய்யும் கம்பெனி வேறு. கார் கம்பெனி, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்குச் சொந்தம். 2003ம் ஆண்டு முதல் அதன் தொழிற்சாலை இங்கிலாந்தில் குட்வுட் என்ற இடத்தில் இருக்கிறது. ராய்ஸ் கடைசியாக வாழ்ந்த கிராமம் அங்கிருந்து சில மைல் தூரம்தான்!